மருத்துநீரும் போதிதர்மரும்

'ஏழாம் அறிவு' (2011) வந்த நாளில இருந்து, மூச்சையும் அசைவையும் சேர்த்துச் செய்யும் சீனப் பயிற்சியான சீகுங் காஞ்சிபுரத்தில இருந்து போனதெண்டுதான் எங்கட செட்டுக்க கதை. போதிதர்மர் எழுதியதாகச் சொல்லப்படும் 'யிஜின்ஜிங்' பயிற்சி நூல் 17ஆம் நூற்றாண்டில் உருவானது என்கிறார்கள் ஆய்வாளர்கள். அவரோ ஏறக்குறைய ஆயிரம் வருசம் முந்தின ஆள். 'சீகுங்' என்ற பெயர்கூட 1950களில்தான் பரவியது.

தொடர்பே இல்லை என்றும் சொல்லேலாது. எங்கட திரியாய்க் குன்றிலேயே பல்லவ கிரந்தச் சாயலில் ஒரு சமஸ்கிருதக் கல்வெட்டு இருக்கு, 7-8ஆம் நூற்றாண்டு. வணிகரையும் அவலோகிதேஸ்வரரையும் பேசுது. கடலால பௌத்தம் போய்வந்த காலம் அது. ஆனா அதை வைச்சு சீகுங்குக்கு உரிமை கோர முடியாது.

சீனரின் பழைய மருத்துவ நூலான 'நெய்ஜிங்', வசந்தத்தில் நேரத்தோட எழும்பி, முடியை அவிழ்த்துவிட்டு முற்றத்தில் ஆறுதலா நடக்கச் சொல்லுது. வாசிக்கேக்க எங்களுக்குச் சித்திரை வருசப்பிறப்புதான் ஞாபகம் வந்தது. தாழம்பூ, மாதுளம்பூ, துளசி, வில்வம், அறுகு, மஞ்சள், சுக்கு, திப்பிலி எல்லாம் போட்டுக் காய்ச்சின மருத்துநீரைக் கோயிலில வாங்கி வந்து, புண்ணிய காலத்தில் அம்மம்மாமார் உச்சியில வைச்சுத் தேய்ப்பினம். தலைக்கு ஒரு இலை, காலுக்கு ஒரு இலை. எது எதுக்கென்று பஞ்சாங்கம் சொல்லும்.

சீகுங்கின் வேரைத் தேடின எங்களில் ஒருத்தருக்கும் போன வருசம் எந்த இலை வைச்சதெண்டு தெரியேல்லை. இந்தமுறை அம்மம்மாமாரிட்டக் கேட்டுக் கொப்பியில எழுதத் தொடங்கியிருக்கிறம்.