துப்பாக்கியும் தோட்டாப் பையும்

பால்வெட்டுக் கத்தி மட்டும் இருந்தால் போதுமா? மங்கும் வாளியும் வேண்டாமா? அந்தக் காலத்துத் துப்பாக்கியும் அப்படித்தான். குழலின் வாய்வழியே மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் கிட்டிக்க வேண்டும். மருந்து நனைந்தால் போச்சு, துப்பாக்கி வெறும் தடிதான்!

ஆகவே அளந்த மருந்தையும் குண்டையும் காகிதத்தில் சுற்றித் தோட்டாவாக்கி, தோல் பையில் அடுக்கினார்கள். சிப்பாய் அதைப் பல்லால் கடித்துக் கிழிப்பான்.

1857-இல் இந்தியாவில், புது என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசு, பன்றிக் கொழுப்பு தடவியிருப்பதாகப் பேச்சுப் பரவியது. மீரட்டில் 85 சிப்பாய்கள் தோட்டாவை வாங்க மறுத்தார்கள். மே 9-இல் அவர்களை விலங்கிட்டுச் சிறையில் தள்ளினார்கள். மறுநாளே கிளர்ச்சி மூண்டது. கோபம் முன்பே இருந்தது. பொறியாக வந்தது அந்தக் காகிதத் தோட்டா.

மாணவச் செல்வங்களே! 1883-இல் தொடங்கிய தைப்பிங் அருங்காட்சியகம் போன்ற இடங்களில் சிறு பொருளையும் நின்று பாருங்கள். அதுவும் வரலாறு பேசும்.