நிறம் இருப்பது பொருளிலா, மூளையிலா? டிரைவிங் லைசென்ஸ் வரை வந்த ஒரு தத்துவக் கேள்வி

ஜவுளிக்கடையில் அம்மாவுடன் நின்றவர்களுக்கு இது தெரியும். புடவையைத் தேர்ந்தெடுத்த பிறகும் அதை வாசலுக்கு எடுத்துப் போய், வெயிலில் பிரித்துப் பார்ப்பார். "உள்ளே மெரூனா இருந்துச்சு, இங்க பிரவுன் மாதிரில்ல தெரியுது?" என்பார். சரி, அந்தப் புடவையின் உண்மையான நிறம் எது? கடை விளக்கில் தெரிந்ததா, வெயிலில் தெரிவதா?

2015 பிப்ரவரியில் உலகமே இப்படி ஒரு சண்டை போட்டது. இணையத்தில் பரவிய ஒரு உடையின் போட்டோ சிலருக்கு நீலம்-கறுப்பு, சிலருக்கு வெள்ளை-தங்கம். ஒரே போட்டோ, ஒரே திரை. கடையில் விற்ற உடை நீலம்-கறுப்புதான்.

அறிவியல் என்ன சொல்கிறது?

நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளம் சுமார் 380 முதல் 700 நானோமீட்டர் வரை. பொருள் சில அலைகளை உறிஞ்சி, மீதியைத் திருப்பி அனுப்புகிறது. விழித்திரையில் உள்ள மூன்று வகைக் கூம்பு செல்கள் அதைப் பிடித்துக்கொள்ள, மூளை அவற்றை ஒப்பிட்டு நிறத்தை முடிவு செய்கிறது. சுற்றியுள்ள வெளிச்சம் எப்படிப்பட்டது என்பதையும் ஊகித்துக் கழித்துவிடுகிறது. அந்த உடையின் விஷயத்தில், 'நிழலில் இருக்கிறது' என்று ஊகித்த மூளைக்கு அது வெள்ளையாகவும், 'பிரகாசமான விளக்கு' என்று ஊகித்த மூளைக்கு நீலமாகவும் தெரிந்தது என்பதே பரவலான விளக்கம்.

இன்னொரு உதாரணம் உங்கள் கையிலேயே இருக்கிறது. போன் திரையில் பொதுவாகச் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகள்தான் உண்டு. சிவப்பும் பச்சையும் சேர்ந்து எரியும்போது நமக்கு மஞ்சள் தெரிகிறது. எலுமிச்சம்பழத்திலிருந்து வரும் ஒளி வேறு, திரையிலிருந்து வரும் ஒளி வேறு. ஆனாலும் இரண்டுமே நமக்கு மஞ்சள்!

அப்போ, நிறம் வெறும் பிரமையா?

1623-ல் கலிலியோ கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார்: உணரும் உயிர்கள் இல்லையென்றால் நிறமும் சுவையும் மணமும் இல்லை. பின்னர் ஜான் லாக், வடிவமும் இயக்கமும் போன்றவை பொருளிலேயே உள்ள குணங்கள், நிறமோ நம்மிடம் ஓர் உணர்வை எழுப்பும் ஆற்றல் மட்டுமே என்று பிரித்தார். ஒளிக்கதிர்களுக்கே நிறம் கிடையாது என்று 1704-ல் எழுதினார் நியூட்டன்.

இந்தியாவிலும் இந்த விவாதம் சூடாக நடந்தது. நியாய-வைசேஷிக மரபைப் பொறுத்தவரை நிறம் பொருளிலேயே தங்கியிருக்கும் குணம். பல வண்ணத் துணிக்கு ஒரு நிறமா, பல நிறமா என்றுகூட மண்டையை உடைத்துக்கொண்டு, 'சித்ரம்' என்றே தனி நிறம் ஒன்றை ஏற்றார்கள். யோகாசார பௌத்தர்களோ, தெரிவதெல்லாம் மனத்தின் தோற்றமே என்றார்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு பதில் உண்டு. பிரமை என்றால் எல்லோரும் தக்காளியைச் சிவப்பு என்று சொல்ல மாட்டோம். பொருளில் மட்டுமே இருந்தால் அந்த உடை இரண்டாகத் தெரிந்திருக்காது. ஆக பொருள், வெளிச்சம், பார்ப்பவர் மூன்றும் சேரும் இடத்தில் பிறப்பதுதான் நிறம்.

இதனால் யாருக்கு என்ன?

சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவர்கள் நம்மிடையே நிறைய. பொதுவான வகைக்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்களிடம் இது அதிகம். நிறம் பொருளில் மட்டுமே இருப்பதாக நினைத்தால் இவர்கள் 'தப்பாகப் பார்ப்பவர்கள்'. மேலே சொன்ன நடுப் பதிலை ஏற்றால், 'வேறு மாதிரி பார்ப்பவர்கள்'.

சட்டமும் மெல்ல இந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது. லேசான, மிதமான நிறக்குருடு உள்ளவர்களும் டிரைவிங் லைசென்ஸ் பெறும்படி 2020 ஜூனில் மத்திய அரசு விதியைத் திருத்தியது. நிறக்குருட்டைக் காட்டி ஒரு மாணவருக்கு எடிட்டிங் படிப்பில் இடம் மறுக்கப்பட்ட வழக்கில், எல்லாப் படிப்புகளிலும் இவர்களைச் சேர்க்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் புனே திரைப்பட, தொலைக்காட்சிக் கல்லூரிக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அடுத்த முறை டீமுக்கு எக்செல் ஷீட் அனுப்பும்போது, லாபத்துக்குப் பச்சை, நஷ்டத்துக்குச் சிவப்பு என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். பக்கத்திலேயே ஒரு பிளஸ், மைனஸ் குறியும் போடுங்கள். உங்கள் பச்சை எல்லோருக்கும் பச்சை இல்லை.