துடைப்பம் கேட்ட மாணவர்கள் (நியூயார்க், 1969)

சுற்றுச்சூழல் நீதி இயக்கத்தின் வரலாற்றை எழுதுபவர்கள் பெரும்பாலும் 1982-ல் தொடங்குவார்கள். அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில், கறுப்பின மக்கள் அதிகம் வாழ்ந்த வாரன் கவுண்டியில் நச்சு மண்ணைக் கொட்ட வந்த லாரிகளை மக்கள் மறித்தார்கள். 500 பேருக்கு மேல் கைதானார்கள். பெரிய போராட்டம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதற்கு 13 வருடம் முன்பே நியூயார்க்கில் நம் வயதுக்காரர்கள் சிலர் இதே விஷயத்தைக் கையில் எடுத்தார்கள். அவர்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இடம் கிழக்கு ஹார்லெம். அங்கிருப்பவர்கள் 'எல் பாரியோ' என்பார்கள், நாம் 'நம்ம பேட்டை' என்போமே, அது மாதிரி. பியூர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்த குடும்பங்கள் நிறைந்த பகுதி. 1917-லிருந்தே இவர்கள் அமெரிக்கக் குடிமக்கள், ஆனால் காகிதத்தில் மட்டும்! இடிந்த வீடுகள், குறைந்த கூலி, எப்போதாவது எட்டிப்பார்க்கும் குப்பை வண்டி.

1969 கோடையில் சில மாணவர்களும் இளைஞர்களும் இங்கே 'யங் லார்ட்ஸ்' அமைப்பின் கிளையைத் தொடங்கினார்கள். சிகாகோவில் தெருச்சண்டைக் கும்பலாக இருந்து அரசியல் அமைப்பாக மாறிய கூட்டம் அது. நியூயார்க் கிளையில் கல்லூரியில் படித்தவர்கள் பலர். அவர்களில் ஒருவரான ஜுவான் கோன்சாலெஸ், 1968-ல் கொலம்பியா பல்கலைக்கழக வேலைநிறுத்தத்தில் இருந்தவர். படித்த பையன்கள், தலை நிறையப் புரட்சி. ஆனால் ஒரு நல்ல காரியம் செய்தார்கள். பேட்டைக்குள் போய், "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று ஜனங்களையே கேட்டார்கள்.

போலீஸ், வேலை, வீடு என்று பெரிய பதிலாக வரும் என நினைத்திருப்பார்கள். வந்த பதில் 'லா பசூரா'. அதாவது குப்பை!

சரி என்று ஜூலை மாத ஞாயிற்றுக்கிழமைகளில் தெருவைப் பெருக்க ஆரம்பித்தார்கள். முதலில் வேடிக்கை பார்த்த அக்கம்பக்கத்தார் பிறகு கூடச் சேர்ந்து பெருக்கினார்கள். துடைப்பம் போதவில்லை. நகரத் துப்புரவுத் துறையிடம் போய்க் கேட்டால் தர மறுத்துவிட்டார்கள். பெருக்கிக் குவித்ததை அள்ளவும் ஒழுங்காக வண்டி வரவில்லை.

ஜூலை 27 அன்று, 110-வது தெரு மூன்றாம் அவென்யூவைச் சந்திக்கும் இடத்தில், குவித்த குப்பையை அப்படியே நடுரோட்டில் கொட்டி மறித்தார்கள். பழைய மெத்தை, உடைந்த சாமான்கள் எல்லாம் சேர்ந்து ஒரு மதில் மாதிரி. பிறகு தீ வைத்தார்கள். சரியாக ஒரு வாரம் முன்புதான், ஜூலை 20-ல், மனிதன் நிலவில் இறங்கியிருந்தான். நிலவுக்குப் போன நாட்டில் 110-வது தெருவுக்கு வண்டி வரவில்லை, பாருங்கள்!

தீ வைத்தது சரியா? குப்பை எரிந்த புகையைச் சுவாசித்ததும் அதே பேட்டைக் குழந்தைகள்தான், அதனால் எனக்கு முழுச் சம்மதம் இல்லை. ஆனால் மேயர் ஜான் லிண்ட்சே அந்த நவம்பரில் தேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தது. வாரக்கணக்கில் துடைப்பத்தோடு நின்றபோது கிடைக்காத கவனம், சாலை மறியலுக்குப் பிறகு கிடைத்தது.

எனக்கு அதிகம் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். பழைய வீடுகளின் சுவரில் ஈயம் கலந்த பெயின்ட் செதில் செதிலாக உதிரும். அது லேசாக இனிக்கும், குழந்தைகள் எடுத்துத் தின்பார்கள். ஈயம் மூளையைப் பாதிக்கும். வீடுகளுக்குள் அந்த பெயின்ட் அடிப்பதை நியூயார்க் 1960-லேயே தடை செய்திருந்தது, ஆனால் ஏற்கெனவே சுவரில் இருந்ததை யார் சுரண்டுவது? 1969 இறுதியில் சுகாதாரத் துறை அலுவலகத்தில் உட்கார்ந்து போராடிச் சோதனைக் கருவிகளை வாங்கி, மருத்துவ மாணவர்களோடு வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். 1970 ஜூனில் நகரத்தின் காசநோய் எக்ஸ்ரே வண்டியையே கைப்பற்றிப் பேட்டைக்குள் கொண்டுவந்தார்கள். ஜனங்கள் வரிசையில் நின்று எக்ஸ்ரே எடுத்துக்கொண்டார்கள்.

உட்பூசல், போலீஸ் உளவு எல்லாம் சேர்ந்து 1970-களின் நடுவில் அமைப்பு சிதறிவிட்டது. ஜுவான் கோன்சாலெஸ் பத்திரிகையாளரானார். 2001 செப்டம்பரில் உலக வர்த்தக மையக் கோபுரங்கள் விழுந்த ஒரே வாரத்தில், அங்கே காற்றைச் சுவாசிப்பதில் ஆபத்து இல்லை என்று அரசு அறிவித்தது. அந்தத் தூசியில் என்னென்ன நச்சு இருக்கிறது என்று தினசரியில் தொடர்ந்து எழுதியவர்களில் அவரும் ஒருவர். 2002-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார்.