விற்பனைப் பதிவேடு முதல் உதிரிபாகம் வரை: துப்பாக்கி உரிமச் சட்டத்தின் வரலாறு

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பட்டையில் எஃகை நூலிழை பிசகாமல் கடைந்தெடுப்பது அன்றாட வேலை. கார்களுக்கும் லாரிகளுக்குமான உதிரிபாகங்கள் அங்குள்ள சி.என்.சி. எந்திரங்களில் உருவாகின்றன. அப்படியோர் எந்திரத்தில் உரிமம் இல்லாமல் துப்பாக்கிக் குழல் ஒன்றைக் கடைந்தால் அது கடுங்குற்றம். 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் முழுத் துப்பாக்கியோடு நிற்கவில்லை; உதிரிபாகங்களையும் அவற்றைத் தயாரிக்கும் எந்திரங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. மக்களின் ஆயுதத்தைப் பறிக்கத் தொடங்கிய அரசு, ஒவ்வொரு துப்பாக்கியின் தடத்தையும் பின்தொடரும் நிலைக்கு வந்துசேர இரு நூற்றாண்டுகள் ஆயின.

தமிழகத்தில் இதன் தொடக்கம் பாளையக்காரர் போர்களில் இருக்கிறது. 1801 டிசம்பரில், போர் ஓய்ந்த கையோடு, சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடைசெய்தார். அன்று கிழக்கிந்தியக் கம்பெனியின் கவலையெல்லாம் வைத்திருப்பவரைப் பற்றியதே.

1857 கிளர்ச்சி அந்தப் பார்வையை விரிவாக்கியது. அந்த ஆண்டிலேயே இறக்குமதி, உற்பத்தி, விற்பனை ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. லிட்டன் பிரபு காலத்து 1878ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிலைப்படுத்தியது: உரிமம் இல்லாமல் செய்யவும் விற்கவும் கூடாது. ஆனால், ஆயுதம் வைத்திருப்பதில் ஐரோப்பியருக்கு விலக்கு. குடிமக்களை நிறம் பார்த்துப் பிரித்த அந்த அநீதி, 1920 விதிகள் வரும்வரை நீடித்தது.

கடைகளைக் கட்டுப்படுத்தியதால் மட்டும் ஆயுதப் புழக்கம் நின்றுவிடவில்லை. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் கலெக்டர் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதனின் கையில் இருந்தது பெல்ஜியத்தில் தயாரான பிரௌனிங் கைத்துப்பாக்கி. பிரிட்டிஷ் சட்டம் செல்லாத பிரெஞ்சுப் புதுச்சேரி, அன்றைய புரட்சியாளர்களின் புகலிடமாக இருந்தது.

விடுதலைக்குப் பின் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டுச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. உற்பத்தி, விற்பனை, பழுதுபார்ப்பு அனைத்துக்கும் அதன் 5ஆம் பிரிவு உரிமம் கேட்கிறது. கடைக்காரர் வாங்குபவரின் உரிமத்தைச் சரிபார்க்க வேண்டும். துப்பாக்கியின் எண்ணையும் விற்ற தோட்டாக்களையும் கணக்கில் ஏற்ற வேண்டும். தயாரித்தவர் பெயரும் எண்ணும் பொறிக்கப்படாத துப்பாக்கியை விற்கக் கூடாது. தனிநபர் தம்மிடமுள்ள துப்பாக்கியை விற்பதானாலும் மாவட்ட நடுவருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும்.

உற்பத்தி நெடுங்காலம் அரசிடமே இருந்தது. 1956 தொழிற்கொள்கை ஆயுதத் தொழிலை அரசுக்கென ஒதுக்கியது. திருச்சியில் 1966இல் துப்பாக்கித் தொழிற்சாலை அமைந்தது. 2001இல் தனியாருக்குக் கதவு திறந்தது. 2016ஆம் ஆண்டின் புதிய ஆயுத விதிகள் தனியார் உற்பத்தி உரிமத்துக்கான நடைமுறையை விரித்துரைத்தன. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. உரிமமற்ற உற்பத்திக்கும் விற்பனைக்கும் ஏழாண்டு முதல் ஆயுள் வரை சிறை என்றது.

அதே 2019இல்தான் சென்னை, கோவை, ஓசூர், சேலம், திருச்சியை இணைக்கும் பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கப்பட்டது. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த வல்லம் வடகாலில் வான்வெளிப் பூங்காவும், ஆளில்லா வானூர்திச் சோதனை மையமும் திட்டமிடப்பட்டன. வாகனத் தொழிலில் தேர்ந்த பட்டறைகளுக்குப் பாதுகாப்புத் துறை ஆர்டர்கள் வரும் வாய்ப்பு பெருகியிருக்கிறது. இது வரவேற்க வேண்டிய வளர்ச்சி. துப்பாக்கிப் பாகங்கள் இத்தகைய பட்டறைகளுக்கு வரும் நாளில், ஆய்வுக்குப் போகும் அதிகாரிகள் விற்பனைக் கணக்கோடு திரும்பிவிடக் கூடாது. அளவு பிசகியதால் கழிக்கப்பட்ட குழல்கள் எத்தனை, அவை யார் முன்னிலையில் உருக்கப்பட்டன என்பதையும் பதிவேட்டில் பார்த்துக் கையெழுத்திட வேண்டும்.