கணினிப் பழுதும் கடல் கடந்த உதவியும்

மலாக்காத் தமிழெழுத்தின் அண்மைக்கால வரலாறு

ஒரு மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் கல்வெட்டையும் ஓலையையும் அச்சுநூலையும் சான்றாகக் கொள்வது மரபு. கணினியில் எழுதி வைத்த கோப்பினையும் அவ்வரிசையில் வைத்து எண்ணுவார் இன்னும் சிலரே. கல்வெட்டுச் சிதைந்தாலும் எஞ்சிய எழுத்தையேனும் படிக்கலாம். கணினிக் கோப்போ எழுத்தொன்றும் சிதையாதிருக்கையிலும் படிக்கவொண்ணாததாகிவிடும். அஃது எவ்வாறு நேர்ந்தது? அப்பழுதைத் தீர்த்தவர் யாவர்? இன்னும் தீராது நிற்பது யாது? மலாக்கா மாநிலத்தில் நின்று நோக்கி இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

தோட்டமும் எழுத்தும்

மலாயாவின் முதல் வணிக இரப்பர்த் தோட்டம் எழுந்தது மலாக்காவிலேயாம். 1896-ஆம் ஆண்டில் டான் சே யான் என்னும் மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். பின்னர்ப் புக்கிட் அசகானில் பெருந்தோட்டம் கண்டார். பால்மரக்காடு பரவப் பரவத் தமிழ்த் தொழிலாளர் வந்தனர். அவர்தம் மக்களுக்குப் பள்ளிகளும் தோன்றின. இன்று மாநிலத்தில் 21 தமிழ்ப்பள்ளிகள் உள. புக்கிட் லிந்தாங், புக்கிட் அசகான், டைமண்ட் ஜூபிலி என அவை தாங்கும் பெயர்களிலேயே தோட்ட வரலாறு பொதிந்து கிடக்கின்றது. தோட்டங்கள் பல செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. லயங்களும் பிரட்டுக் களமும் மறைந்த இடங்களில் பெயரைக் காத்து நிற்பது பள்ளியொன்றே.

தோட்ட அலுவலகத்தில் கிராணியார் பேணிய செக்ரோல் ஆங்கிலத்தில் இருந்தது. விடுதலைக்குப் பின்னர் அரசு அலுவலகக் கடிதங்கள் மலாயில் அமைந்தன. மலாயும் இன்று ஆங்கில எழுத்துகளாலேயே எழுதப்படுகின்றது. தமிழ் எழுதப்பட்ட இடங்களோ வேறு: வகுப்பறை, கோயிற் குழு, இளைஞர் மன்றம், நாடகக் குழு ஆகியவை. இவ்வேற்றுமையை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். பிற்காலத்தில் கணினி வந்தபொழுது அலுவலகப் பணிக்கு அது முழு நலத்துடன் விளங்கிற்று. தமிழ்ப் பணிக்கு மட்டுமே நோயுற்றது.

பழுதின் வேர்

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். இன்ன எண்ணுக்கு இன்ன எழுத்து என்னும் உடன்பாட்டைக் குறியேற்றம் என்பர். அவ்வெழுத்தின் வடிவைத் திரையிலும் தாளிலும் காட்டுவது எழுத்துரு. பழைய கணினிகளில் ஓரெழுத்துக்குரிய எண்ணிடங்கள் 256 மட்டுமே. அவற்றுள் முதல் 128 ஆங்கிலத்துக்கும் கட்டளைக் குறிகளுக்கும் உரியவை. எஞ்சிய 128 இடங்களில் தமிழின் 247 எழுத்துகளும் யாங்ஙனம் அடங்கும்? ஆதலின் எழுத்துரு அமைத்தோர் கொம்பு, கால், விசிறி முதலியவற்றைத் தனித்தனி உறுப்பாகப் பிரித்து, ஒவ்வொருவரும் தத்தமக்கு உகந்த முறையில் இடமளித்தனர். சிலர் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழைக் குடியேற்றினர்.

ககரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஈழத்தமிழரிடையே பெருவழக்கிலிருந்த பாமினி எழுத்துருவில் அதன் எண் 102. திஸ்கி என்னும் குறியேற்றத்தில் 184. உலகப் பொதுவான ஒருங்குறியில், அஃதாவது யூனிகோடில், 2965. எழுத்து ஒன்று, எண் மூன்று. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுதிய கோப்பினை அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமே தோன்றும். கோப்பில் ஓரெண்ணும் மாறவில்லை. அவ்வெண்களுக்குப் பொருள் கூறும் உடன்பாடுதான் உடன் வரவில்லை.

வீட்டில் வினாத்தாளைத் தட்டச்சுச் செய்து, பள்ளிக் கணினியில் அச்சிடச் செல்லும் ஆசிரியர்க்கு இது பேரிடர். தமிழெழுத்தறியாத நகரத்துக் கடைக்காரரிடம் காட்டினால், கணினியில் குறையில்லை என்பார். அவர் கூற்றும் பொய்யன்று. மலாக்கா தொழில்நுட்பம் அறியாத ஊருமன்று. 1996-இல் தொலைத்தொடர்புப் பல்கலைக்கழகம் அங்கேயே தொடங்கப்பெற்று, மறுஆண்டில் மல்டிமீடியா பல்கலைக்கழகம் எனப் பெயர் பெற்றது. ஆயினும் இந்நோய் பொறியின் நோயன்று. சிதறி வாழும் ஒரு மொழியினர் தம்முள் உடன்பாடு காணாமையின் நோய். ஆதலின் பக்கத்துக் கடையில் கிடைக்காத மருந்து கடல் கடந்த தமிழரிடமிருந்து வரவேண்டியதாயிற்று.

உதவி வந்த வழி

மலேசியத் தமிழர் இத்துறையில் பிறர் கையை மட்டும் எதிர்நோக்கியிருந்தாரல்லர். முத்து நெடுமாறன் 1980-களின் நடுவில் தொடங்கிய ‘முரசு’ மென்பொருள், பின்னர் ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்து உலகத் தமிழரிடையே பரவிற்று. 1992-இல் ஜாரிங் சேவை வழியாக மலேசியாவில் இணையம் அறிமுகமாயிற்று. மலேசியாவில் பிறந்து சிட்னியில் வாழ்ந்த பாலா பிள்ளை 1990-களின் நடுவில் ‘தமிழ்.நெட்’ என்னும் மடலாடற் குழுவைத் தோற்றுவித்தார். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியலறிஞராக விளங்கிய கு. கல்யாணசுந்தரம் ‘மயிலை’ எழுத்துருவை இலவசமாக வழங்கினார்.

இவ்வாறு ஒருவரையொருவர் நேரிற் கண்டிராத தமிழர்கள் மடல்வழிக் கூடினர். ஒருவர் தம் திரையில் கண்ட குறையை எழுதுவார். வேறு நாட்டிலிருந்து மற்றொருவர் விடை தருவார். அவ்விடையை மூன்றாமவர் சோதித்துப் பொருந்தாதெனில் மறுப்பார். ஒரே குறை மீண்டும் மீண்டும் எழக் கண்டபோது, தனித்தனி மருந்து போதாது, பொதுவிதி வேண்டும் என்னும் தெளிவு பிறந்தது. 1990-களின் பிற்பகுதியில் மடல்வழி ஆய்விலேயே திஸ்கி என்னும் பொதுக் குறியேற்றம் உருப்பெற்றது. பழுது நீக்கும் உரையாடலே இலக்கணமாக முதிர்ந்தது என்று கூறலாம்.

மாநாடுகளும் தொடர்ந்தன. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி முதலியோர் முயற்சியால் முதல் தமிழிணையக் கூட்டம் நிகழ்ந்தது. 1999-இல் சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழ்நாட்டரசு தாம், தாப் என்னும் இரு குறியேற்றங்களையும் தமிழ்99 விசைப்பலகையையும் ஏற்றது. 2000-இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றிற்று. 2001-இல் அதன் மாநாடு கோலாலம்பூரிலேயே கூடிற்று. எனினும் இடைக்காலத்தில் பயனர்க்கு இடர் மிகுந்தது என்பதையும் மறைத்தற்கில்லை. சென்னைக் கோப்பு ஒரு குறியேற்றத்திலும், யாழ்ப்பாணத்தார் கோப்பு மற்றொன்றிலும், மலேசியக் கோப்பு வேறொன்றிலும் வந்து சேர்ந்தன. வேண்டியது ஒரு தரம், கிடைத்தவை பல.

நோயறியும் முறை

தோட்டத்து டிரெசர் மருந்து கொடுக்குமுன் எங்கே வலி, எத்தனை நாளாக என்று கேட்பார். கணினிக்கு உதவுவோரும் அவ்வாறே கேட்கக் கற்றனர். ‘தமிழ் வரவில்லை’ என்னும் ஒரு சொல்லால் எந்நோயும் விளங்காது. அடையாளங்கள் நான்கு, அவற்றின் காரணங்களும் வேறு வேறு.

பொருளற்ற ஆங்கில எழுத்துகளோ குறிகளோ தோன்றினால், அது பழைய குறியேற்றம்; உரிய எழுத்துருவை நிறுவினால் தெளியும். வெறுங் கட்டங்கள் தோன்றினால், அது பெரும்பாலும் ஒருங்குறி. அதனைக் காட்டவல்ல தமிழ் எழுத்துரு அக்கணினியில் இல்லை. எழுத்துத் தமிழாயிருந்து, கொம்பு மட்டும் மெய்க்கு முன் நில்லாது பின் நின்றால், எழுத்துகளைக் கோத்துக் காட்டும் பகுதி இயங்கவில்லை. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் அப்பகுதியைப் பயனரே கட்டுப்பாட்டுப் பலகத்திற் சென்று, நிறுவும் குறுந்தட்டையும் இட்டு, இயக்கவேண்டியிருந்தது. 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டாவில் அத்தொல்லை நீங்கிற்று. நான்காவது அடையாளம் கொடிது: எழுத்துதோறும் வினாக்குறி. ஒருங்குறி எழுத்தைப் பழைய முறையில் சேமித்தமையால் எண்களே அழிந்தன என்பது அதன் பொருள். அதற்கு மருந்தில்லை, வேறு படி இருந்தாலன்றி மீளாது.

இவ்வடையாளங்களைப் பிரித்துக் கூறவல்லார்க்கு விடை விரைந்து கிட்டிற்று. திரையில் தோன்றிய செய்தியை எழுத்துப் பிசகாமல் எடுத்தெழுதுதல், எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று குறித்தல், பழுது தோன்றுமுன் செய்த மாற்றத்தைச் சொல்லுதல் ஆகிய மூன்றுமே நல்ல வினாவின் உறுப்புகள். இன்றும் இவை மாறவில்லை. ஒன்று மட்டும் கூட்டுதல் வேண்டும். எக்ஸ்பி காலந்தொட்டே பிறர் கணினித் திரையைத் தொலைவிலிருந்து கண்டு திருத்தும் வசதி உண்டு. நாம் அழையாமல் தாமே அழைத்து, அவ்வுரிமையைக் கேட்கும் அயலார்க்கு அதனை வழங்கலாகாது. அவ்வாறு ஏமாந்து பணம் இழந்தோர் உடனே அழைக்க மலேசியாவில் 997 என்னும் எண் 2022 முதல் உள்ளது.

தமிழாசிரியர்க்கு எஞ்சிய பணி

ஒருங்குறி 1991-இலேயே தமிழுக்கு 128 இடங்களை ஒதுக்கியிருந்தது. வீட்டுக் கணினிகளில் அது பரவியது 2000-க்குப் பின்னரே. தமிழ்நாட்டரசும் 2010-இல் அதனை ஏற்றது. பழைய கோப்புகளைப் புதிய முறைக்கு மாற்றும் கருவிகளையும் தன்னார்வலர் இணையத்தில் இலவசமாக அளித்தனர். சுரதா யாழ்வாணன் அமைத்த ‘பொங்குதமிழ்’ மாற்றியும், சென்னையிலிருந்து வெளிவந்த என்.எச்.எம். மாற்றியும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. இன்று புதிதாக எழுதுவோர்க்கு இடரில்லை. எனவே சிக்கல் முடிந்ததென்று பலரும் எண்ணுவர்.

முடியவில்லை என்பதே நம் கருத்து. ஏறத்தாழ 1985 முதல் 2005 வரையுள்ள இருபதாண்டுகளே பல தோட்டங்கள் குலைந்து, மக்கள் நகர்களுக்குக் குடிபெயர்ந்த காலமுமாகும். அக்காலத்துப் பள்ளி ஆண்டு மலர், கோயில் திருப்பணி அறிக்கை, மன்றக் கூட்டக் குறிப்பு முதலியன கணினியில் எழுதப்பட்டிருப்பின், அவை பழைய குறியேற்றத்திலேயே இருக்கும். அவை தங்கிய நெகிழ்வட்டுகளைப் படிக்கும் பொறி இன்றைய கணினிகளில் இல்லை. சோனி நிறுவனமும் 2011-இல் அவ்வட்டுகளின் விற்பனையை நிறுத்திற்று. வட்டின் காந்தப்பூச்சும் ஆண்டுதோறும் நலிகின்றது. தோட்டம் மறைந்தது, அதனைப் பற்றி எழுதிய எழுத்தும் மறையவிடலாமா?

பள்ளி அலமாரியிலும் ஓய்வு பெற்ற ஆசிரியர் இல்லங்களிலும் கிடக்கும் வட்டுகளைத் தேடுக. தனியே இணைக்கும் வட்டுப்பொறி கொண்டு படியெடுக்க. மூலத்தை மாற்றாமல் வைத்து, படியினை மட்டும் ஒருங்குறிக்கு மாற்றுக. இருவேறிடங்களில் சேமிக்க. இதுவரை செய்வது பொறி. அதன்பின் செய்யவேண்டியது தமிழறிவு.

பழைய எழுத்துருக்கள் பலவற்றில் ஔகாரக் குறியின் பின்பகுதிக்கும் ளகரத்துக்கும் வடிவம் ஒன்றே, எண்ணும் ஒன்றே. ஆகவே மாற்றியில் இட்ட ‘கௌரவம்’ பலகால் கொம்பும் ளகரமுமாகக் ‘கெ-ள-ர-வ-ம்’ என்று ஐந்தெழுத்து வாசிப்புக்கு இடந்தந்து வெளிவரும். கண்ணுக்குப் புலப்படாத அப்பிழையால், பின்னர்த் தேடுவோர்க்கு அச்சொல் அகப்படாது. எல்லாவற்றையும் ஔகாரமாக்குக என்று பொறிக்கு விதித்தாலோ, வௌவால் திருந்தும், வெளவெளத்தல் கெடும். எங்கே ஔகாரம், எங்கே எகரமும் ளகரமும் என்று ஐயமறப் பகுத்துரைப்பவர் சொல்லறிந்த ஆசிரியரே. உலகின் பல மூலைகளிலிருந்து தமிழர் அனுப்பிய உதவி மலாக்கா வகுப்பறையின் வாயில்வரை வந்து நிற்கின்றது. இறுதித் திருத்தம் அவ்வகுப்பறைக்குள்ளேயே நிகழவேண்டும்.