உப்புநீரும் பயறு விதை முளைப்பும்

உப்புநீர், பயறு மற்றும் அவரை வகை விதைகளின் முளைப்பைத் தாமதப்படுத்தும். உப்பின் அளவு மிகுந்தால் முளைப்பையே தடுத்துவிடும். இவ்விளைவு பற்றிய அறிவு வளர்ந்த வரலாற்றில் ஒரு வேறுபாடு முதன்மையானது. உப்புநீரில் விதை உயிரோடு கிடப்பது வேறு. உப்புநீரில் முளைப்பது வேறு. 19-ஆம் நூற்றாண்டின் கடல்நீர்ச் சோதனைகளையும், 2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் வயல்கள் மீட்கப்பட்ட முறையையும் இந்த வேறுபாட்டைக் கொண்டே புரிந்துகொள்ள முடியும்.

பழந்தமிழ் அறிவு

உப்பு மிகுந்த நிலத்தில் விதை பலன் தராது என்பது தமிழ் உழவர்கள் நெடுங்காலமாக அறிந்தது. திருக்குறளின் கல்லாமை அதிகாரம் கல்லாதவரை விளைவு தராத களர் நிலத்துக்கு ஒப்பிடுகிறது. உவர்மண் பயிருக்கு ஆகாதது என்றாலும் வீணாகவில்லை; துணி வெளுக்க அது பயன்பட்டது. இன்றைய வேளாண் அறிவியலும் இச்சொற்களையே ஆள்கிறது. கரையும் உப்புகள் மிகுந்த நிலம் உவர் நிலம். சோடியம் களிமண்ணோடு ஒட்டி மண்ணை இறுகச் செய்த நிலம் களர் நிலம்.

டார்வினின் சோதனைகள்

கடல்நீரில் விதைகள் எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதை முறையாகச் சோதித்தவர்களுள் சார்லஸ் டார்வின் குறிப்பிடத்தக்கவர். கண்டங்களிலிருந்து தொலைதூரத் தீவுகளுக்குத் தாவரங்கள் எப்படிச் சென்றன என்பதே அவருடைய கேள்வி. கடல்நீர் விதைகளை எளிதில் கொன்றுவிடும் என்றே அவருடைய நண்பரும் தாவரவியலாளருமான ஜோசப் ஹூக்கர் எதிர்பார்த்தார். 1855-இல் டார்வின் தம் வீட்டில் பலவகை விதைகளை உப்புநீரில் ஊறவைத்து, பின்னர் எடுத்து விதைத்துப் பார்த்தார்.

87 வகை விதைகளில் 64 வகைகள் 28 நாள் ஊறிய பின்னும் முளைத்தன. சில 137 நாள் தாங்கின. அவற்றுள் மிளகாய் இனமே முதலிடம் பெற்றது. ஆனால் பயறுக் குடும்பம் பின்தங்கியது. சோதித்த 9 பயறு வகைகளில் ஒன்றைத் தவிர மற்றவை கடல்நீரை மோசமாகவே தாங்கின என்று அவர் பதிவு செய்தார்.

தாங்கிய விதைகள் எவையும் கடல்நீரில் முளைத்தவை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவை உப்புநீரில் காத்திருந்து, மண்ணுக்கும் நல்ல நீருக்கும் வந்த பிறகே முளைத்தன. மெல்லிய தோல் கொண்ட பயறு விதைகளால் அவ்வாறு காத்திருக்க முடிவதில்லை. நீர் உள்ளே புகுந்து பருப்பு உப்பியதும் முளைப்பின் தொடக்க வேலைகள் நடந்துவிடுகின்றன. முளை வெளிவராத நிலையில் விதை அழுகுகிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த கழற்சிக்காயின் நிலை வேறு. கல்லைப் போன்ற தோல் நீரை உள்ளே விடாததால் அதன் விதைகள் கடலில் மிதந்து தொலைதூரக் கரைகளை அடைகின்றன.

காரணம்

முளைப்பின் முதல் படி விதை நீரை உறிஞ்சுவது. வெளியே உள்ள நீரில் உப்பு கூடினால் அந்நீரை இழுப்பது விதைக்குக் கடினமாகிறது. தாவர உயிரணுக்களின் சவ்வூடு பரவலை ஜெர்மன் அறிஞர் வில்ஹெல்ம் பெஃபர் 1877-இல் வெளியிட்ட ஆய்வில் அளந்து காட்டினார். லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு கொண்ட கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் ஏறத்தாழ 25 வளிமண்டல அழுத்தம். எனவே நீர் நிறைந்திருந்தும் விதைக்கு அது வறட்சியே. இதோடு, உள்ளே புகும் சோடியமும் குளோரைடும் நொதிகளின் வேலையைக் கெடுக்கின்றன. முதல் காரணத்தால் மட்டும் நின்றுபோன விதை நல்ல நீர் கிடைத்தால் முளைக்கக்கூடும். இரண்டாவது காரணத்தால் கெட்ட விதை மீளாது.

பயிர்களின் தாங்குதிறன்

மண்ணின் உப்பை அதன் சாற்றின் மின்கடத்துதிறனால் அளப்பர். மாஸ், ஹாஃப்மன் ஆகியோர் 1977-இல் தொகுத்து, பின்னர் திருத்தப்பட்ட அட்டவணைப்படி, விளைச்சல் குறையத் தொடங்கும் அளவு (மீட்டருக்கு டெசிசீமென்ஸ்) வருமாறு:

பீன்ஸ் – 1.0
நெல் – 3.0
வேர்க்கடலை – 3.2
காராமணி – 4.9
பருத்தி – 7.7
பார்லி – 8.0

கடல்நீரின் மின்கடத்துதிறன் சுமார் 50. இவை விளைச்சலுக்கான அளவுகள். முளைப்பின் எல்லை இதிலிருந்து வேறுபடலாம். ஒரே பயறுக் குடும்பத்துக்குள் பீன்ஸுக்கும் காராமணிக்கும் இடையே ஏறத்தாழ ஐந்து மடங்கு வேறுபாடு இருப்பதையும் இப்பட்டியல் காட்டுகிறது.

உப்புநீரே கருவியாக

உப்புநீர் விதைக்கு உதவியதும் உண்டு. ஜப்பானிய வேளாண் அறிஞர் யோகோய் டோக்கியோஷி 1882-இல் நெல் விதைகளை உப்புக் கரைசலில் இட்டுப் பொறுக்கும் முறையை வகுத்தார். தமிழ்நாட்டில் இது முட்டை மிதப்பு முறையாகப் பரிந்துரைக்கப்படுகிறது. முட்டை மிதந்து, அதன் ஓடு 25 காசு அளவுக்கு வெளியே தெரியும்வரை நீரில் உப்பைக் கரைப்பர். அதில் மிதக்கும் பதரை நீக்கி, மூழ்கிய விதையை எடுத்து, நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவுவர். கழுவாமல் விட்டால் முளைப்புத் திறன் குறையும்.

நாகப்பட்டினம், 2004

2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். கடலோர வயல்களில் உப்புநீரும் கடற்சேறும் படிந்தன. காவிரிப் படுகையில் சம்பா நெல் அறுவடைக்குச் சில நாள்களுக்கு முன் உளுந்தும் பச்சைப்பயறும் தெளிப்பது வழக்கம். அந்த விதைப்புக்குச் சில வாரங்களே இருந்தன.

நெல் தரிசுப் பயறு பாசனமின்றி, எஞ்சிய ஈரத்தில் வளர்வது. வயலில் நிற்கும் நீர் உப்பை நீர்க்கச் செய்வதால் நெல்லுக்கு ஓரளவு பாதுகாப்பு உண்டு. பயறுக்கோ, மண் காயக் காய எஞ்சிய ஈரத்தில் உப்பு செறிந்துகொண்டே போகும். ஆகவே உப்பைக் கழுவி வெளியேற்றுவதே முதல் வேலையாயிற்று. படிந்த சேறு அகற்றப்பட்டது. வரப்பு கட்டி நன்னீர் தேக்கி வடிக்கப்பட்டது. தக்கைப்பூண்டு வளர்த்து மடக்கி உழப்பட்டது. சோடியத்தை விலக்க ஜிப்சம் இடப்பட்டது. 2005 வடகிழக்குப் பருவமழை பெரும் பங்கு உப்பைக் கழுவியது.

உள்நாட்டில்

உப்புச் சிக்கல் கடற்கரையோடு நிற்பதில்லை. ஒவ்வொரு கிணற்றுப் பாசனத்திலும் நீர் ஆவியாகிறது. அதிலிருந்த உப்பு மண்ணில் தங்குகிறது. திருவண்ணாமலை மாவட்டத்தின் வந்தவாசி, தேசூர் வட்டாரம் போன்ற ஏரிப் பாசனப் பகுதிகளிலும், மழை பொய்த்து ஏரி நிரம்பாத ஆண்டுகளில் கிணற்று நீரைச் சார்வது கூடும். அந்நீர் உவர்ப்பாக இருந்தால் மல்லாட்டை எனப்படும் வேர்க்கடலைக்கும், ஊடுபயிரான மொச்சை, காராமணிக்கும் பாதிப்பு நேரும். விதைக்கும் முன் மண்ணையும் நீரையும் பரிசோதிப்பதன் தேவை இதனால் விளங்கும்.

மாணவர் சோதனை

லிட்டருக்கு 0, 5, 10, 20, 35 கிராம் உப்புக் கரைசல்களில் நனைத்த துணிகளில் சம எண்ணிக்கையில் பச்சைப்பயறு வைத்து, நாள்தோறும் முளைத்தவற்றை எண்ணலாம். ஒரு வாரத்துக்குப் பின் முளைக்காதவற்றைக் கழுவி நல்ல நீருக்கு மாற்ற வேண்டும். அதன்பின் முளைப்பவை உப்பால் தாமதப்பட்டவை. அழுகுபவை உப்பால் கெட்டவை.