வினாடி வினாவின் கதை

நம் பிள்ளைகள் விளையாடும் வினாடி வினாவுக்கும் ஒரு வரலாறு உண்டு. 1967இல் கல்கத்தாவில் நீல் ஓ'பிரையன் பொதுமக்களுக்காக ஒரு போட்டி நடத்தினார். 1972இல் பள்ளி மாணவர்களுக்கான போர்ன்விட்டா குவிஸ் தொடங்கியது. வானொலியில் புகழ்பெற்று, 1990களில் தொலைக்காட்சிக்கு வந்தது. அங்கே அதை நடத்தியவர் நீலின் மகன் டெரிக்.

விதி எளிது: ஓர் அணிக்குத் தெரியாத கேள்வி அடுத்த அணிக்குப் போகும், எல்லோரும் காதைத் தீட்டியிருக்க வேண்டும்.

ஆனால், "எம்டன் சென்னையைத் தாக்கிய ஆண்டு எது?" என்று கேட்டால் 1914 என மனப்பாடம் செய்த பிள்ளை மட்டுமே ஜெயிக்கும். "கெட்டிக்காரரை 'எம்டன்' என்கிறோமே, ஏன்?" என்று கேளுங்கள். தாத்தாவிடம் கதை கேட்ட பிள்ளையும் கை தூக்கும். நம் போட்டிக்குக் கேள்வி எழுதுவோர் இதை மனதில் வையுங்கள்.